பூட்டின படலையும் வேலிப் பொட்டும்

எங்கட வீடுகளில் பிள்ளைகளோடு கதைக்கிற தமிழை ஒரு நாள் முழுக்க எழுதிவைத்துப் பார்த்தால், அதில் முக்கால்வாசி கட்டளையாகத்தான் இருக்கும். எழும்பு. பல்லு மினுக்கு. சாப்பிடு. சப்பாத்தைப் போடு. ஹோம்வேர்க் முடிஞ்சுதோ? அதை நிப்பாட்டு. படு.

இங்கே வளர்ந்து, இங்கேயே பிள்ளை பெற்ற எங்களைப் போன்றவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பிள்ளைக்குத் தமிழ் விளங்கும். பதில் ஆங்கிலத்தில் வரும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் குறள் ஒப்புவிப்பான். வீட்டுக்கு வந்ததும் அம்மம்மாவிடம் சொல்ல "ஓம்", "இல்லை", "காணும்" என்ற மூன்று சொற்களே அவனுக்குப் போதும். பிள்ளையில் பிழை இல்லை. தமிழில் கதைக்க அவனிடம் ஒரு விசயம் இல்லை, அவ்வளவுதான். சாப்பாட்டைப் பற்றியும் நித்திரையைப் பற்றியும் எவ்வளவு நேரம் கதைக்கலாம்?

மேலே எழுதிய கட்டளைகளில் "அதை நிப்பாட்டு" என்பதில் வரும் "அது" பெரும்பாலும் கொம்பியூட்டர் கேம்தான். இந்தக் கட்டுரை அந்த "அது" பற்றியது. இரண்டு விண்டராக, இப்போது ஒன்பது வயதாகும் என் மகனும் நானும் ஒரு குறிப்பிட்ட வகை கேம்களைத் தேடித் தேடி விளையாடி வருகிறோம். பிள்ளையின் திரை நேரத்தை எப்படிக் குறைக்கலாம் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த கேம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அதற்கான காரணத்தை எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த வகையைப் பற்றி. 1985இல் வந்த முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் எங்களில் பலருக்குத் தெரியும். அதில் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். திரை ஒருமுறை நகர்ந்துவிட்டால் பின்னால் திரும்பிப் போக வழியே இல்லை. அடுத்த வருடம், 1986இல், அதே நின்டெண்டோ நிறுவனம் மெட்ரோய்ட் என்று இன்னொரு கேமை வெளியிட்டது. அதில் தொடக்கத்திலேயே ஒரு சின்ன விசயம் வைத்திருந்தார்கள். மாரியோ பழக்கத்தில் வலப்பக்கம் ஓடினால், கொஞ்சத் தூரத்தில் ஆள் நுழைய முடியாத ஒரு பதிந்த சுரங்கம் வழியை மறிக்கும். தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வந்து இடப்பக்கம் போனால் ஒரு சக்தி கிடைக்கும். அதை எடுத்தால் உருண்டை மாதிரிச் சுருண்டு அந்தச் சுரங்கத்துக்குள் உருளலாம். அதாவது, முன்னுக்குப் போக வேண்டுமென்றால் பின்னுக்கும் போகத் தெரிய வேண்டும். கேமை விரைவாக முடித்தால், கவசத்துக்குள் இவ்வளவு நேரமும் இருந்தது ஒரு பெண் என்று கடைசியில் காட்டுவார்கள். இதைச் சொன்னபோது என் மகனைவிட எனக்குத்தான் சந்தோசம்.

1997இல் வந்த காசில்வேனியா: சிம்பொனி ஒஃப் த நைட் ஒரு பெரிய கோட்டையை இதே முறையில் சுற்ற வைத்தது. இந்த இரண்டு பெயரையும் ஒட்டித்தான் "மெட்ரோய்ட்வேனியா" என்ற சொல் வந்தது. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் கருத்து சுகமானது: பெரிய ஒரு இடம், பக்கவாட்டில் பார்க்கும் படம், தாவி, ஏறி, தொங்கிப் போக வேண்டும். பல வழிகள் பூட்டிக் கிடக்கும். எங்கோ ஒரு மூலையில் புதுச் சக்தி கிடைக்கும், இரண்டாம் முறை பாய்வது மாதிரி. அதோடு, முன்பு போக முடியாத இடமெல்லாம் ஞாபகத்துக்கு வரும். ஞாபகம் வராவிட்டால் கேம் நகராது.

அந்தக் கடைசி வசனத்தில்தான் எங்கள் வீட்டுக்குப் பொருத்தமான விசயம் இருந்தது. சண்டை கேமுக்கு வேகமான விரல் வேண்டும், பக்கத்தில் இருப்பவரால் பிரயோசனம் இல்லை. ஆனால் இந்த வகையில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வேலை இருக்கிறது. "அந்த இடம் எங்க இருந்தது?" என்று கேட்க வேண்டும், ஒருவர் பதில் சொல்ல வேண்டும். இடமா வலமா, மேலயா கீழயா, முந்தி வந்ததா வராததா, ஏறிப் போனதா விழுந்து போனதா. இது கட்டளை இல்லை. விபரிப்பு, வாதம், ஊகம். எங்கள் வீட்டுத் தமிழில் அதுவரை இல்லாதவை.

நாங்கள் தொடங்கியது ஒரு இலவச கேமில். சுவீடனைச் சேர்ந்த நிக்லஸ் நீக்ரென் என்பவர், நிஃப்லஸ் என்ற பெயரில், 2007இல் வெளியிட்ட நிட் ஸ்டோரிஸ். பழைய விண்டோஸ் லாப்டொப்பிலும் ஓடும். யூனி என்ற சின்னப் பெண் உலகத்தைச் சுற்றுகிறாள். அடிக்க ஆயுதமே கிடையாது. ஆபத்தைக் கண்டால் விலக வேண்டும். கிடைக்கும் சக்திகளும் எளிமையானவை: ஓடுவது, சுவரில் ஏறுவது, உயரப் பாய்வது, ஒரு குடை. குடையை விரித்தால் மெதுவாக மிதந்து இறங்கலாம். பெரிய சத்தமோ "இதை வாங்கு" என்ற தொந்தரவோ இல்லை. நானும் மகனும் ஒருவர் மாறி ஒருவர் விளையாடினோம். அம்மா, அதாவது அவனுடைய அம்மம்மா, பின்னால் சோபாவில் இருந்து ரி.வி. பார்ப்பது போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சாவி இல்லாமல் திறக்காத ஒரு வழியில் நின்று மகன், "இந்த டோர் லொக் பண்ணியிருக்கு" என்றான்.

"படலையெண்டு சொல்லு அப்பன்" என்றார் அம்மம்மா.

வேலியில் இருக்கும் வாசலைப் படலை என்பது எனக்குத் தெரியும், ஆனால் நானாக அந்தச் சொல்லைப் பாவித்ததில்லை. ரொறன்ரோவில் எங்கே படலை? அடுத்த நாள், சுவர் மாதிரித் தெரிந்த ஒரு இடத்துக்குள் மகன் தற்செயலாக நுழைந்து மறுபக்கம் வந்தபோது அம்மம்மா உசாராகிவிட்டார். "அது பொட்டு!" என்றார். நெற்றிப் பொட்டு இல்லை. வேலியில் ஆள் புகுந்து போகிற அளவுக்கு விட்ட இடைவெளி, பொட்டு. பக்கத்து வீட்டுக்கு றோட்டால் சுற்றிப் போகாமல் அந்தப் பொட்டுக்குள்ளால் புகுந்து போவார்களாம். கறி வாங்கவும் கதை கேட்கவும் அதுதான் வழி. இந்தச் சொல் எனக்கே புதிது.

மகனுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு எந்த கேமிலும் பூட்டியிருப்பது படலை, ஒளிந்திருப்பது பொட்டு. "சீக்ரட் பசேஜ்" என்று சொல்வதைவிட "பொட்டு" சின்னது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவசரத்தில் கத்துவதற்குச் சின்னச் சொல்தான் வசதி.

அடுத்ததாக எடுத்தது ஓரி அன்ட் த பிளைன்ட் ஃபொரஸ்ட். 2015இல் வந்தது. கையால் தீட்டிய ஓவியம் போல ஒரு காடு. இதில் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விசயங்கள் உண்டு. ஒன்று, தொடக்கத்திலேயே ஓரியை வளர்த்த நாரு பசியில் இறந்துபோகும் காட்சி வருகிறது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நிப்பாட்டவா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். இரண்டாவது, ஜின்ஸோ மரம் என்ற இடத்தில் கீழே தண்ணீர் ஏறி வர, மேலே மேலே ஓட வேண்டும். நடுவில் சேமிக்க முடியாது. பெரியவர்களுக்கே கை நோகும். 2016இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் இலகு நிலை சேர்த்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளையோடு விளையாடுபவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும்.

ஓரியில் எனக்குப் பிடித்த வேறொன்று இருக்கிறது. கதை சொல்லும் மரம் பேசுவது எந்த நாட்டு மொழியும் இல்லை. கேமுக்காக உண்டாக்கிய மொழி. கீழே எழுத்து வரும். அதனால் யாராவது அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்தைப் பார்த்து நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஆங்கிலக் குரல் போட்டி போடாததால் அந்தக் காட்டுக்குள் தமிழ் இயல்பாக உட்கார்ந்தது. இதைக் கவனித்த பிறகு கேம் தேடும்போது ஒரு புது விதி வைத்துக்கொண்டேன்: பேச்சு குறைந்த கேம் நல்லது. கேம் வாய்மூடி இருந்தால்தான் வீட்டில் இருப்பவர்கள் வாய் திறப்பார்கள்.

அந்த விதிக்கு மிகவும் பொருந்தியது ஹொலோ நைட். அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செரி என்ற மிகச் சிறிய குழு, 2014இல் மக்களிடம் பணம் திரட்டி, 2017இல் வெளியிட்டது. பூச்சிகளின் அழிந்துபோன நிலத்தடி நாடு. பாத்திரங்கள் ஏதோ முணுமுணுக்கும், கருத்து எழுத்தில் வரும். ஆனால் உண்மையான சிறப்பு அதன் வரைபடம்தான். புது இடத்துக்குள் போகும்போது கையில் வரைபடமே இருக்காது. கோர்னிஃபர் என்ற வரைபடக்காரர் எங்கேயோ உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்தையும் நிலத்தில் சிதறிக் கிடக்கும் கடதாசிகளையும் பின்தொடர்ந்து அவரைக் கண்டுபிடித்து, காசு கொடுத்து வாங்க வேண்டும். அதுவும் அரைகுறைப் படம். மிச்சத்தை நாங்கள் நடந்து பார்த்து நிரப்ப வேண்டும். அதற்கு இறகுப் பேனா வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருந்தாலும் ஒரு வாங்கில் போய் இருந்தால்தான் படம் நிரம்பும். "இப்ப நாங்கள் எங்க நிக்கிறம்?" என்று படத்தில் காட்டுவதற்கும் தனியாக ஒரு திசைகாட்டி வாங்கி அணிய வேண்டும்.

இன்றைய பிள்ளைகள் கூகிள் மப்பின் நீலப் புள்ளியோடு பிறந்தவர்கள். "நான் எங்கே நிற்கிறேன்" என்று தெரியாத நிலை அவர்களுக்குப் புதுசு. மகன் முதலில் எரிச்சல்பட்டான். பிறகு ஒரு சார்ட் பேப்பரை எடுத்து மேசையில் விரித்தான். அவன் விளையாட, நான் வரைந்தேன். பிறகு நான் விளையாட, அவன் வரைந்தான். கேமில் ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் உண்டு, ஆனால் எங்கள் படத்தில் எங்கள் பெயர்கள்தான். நுளம்பு மாதிரிப் பூச்சிகள் வந்த மூலைக்கு "நுளம்பு மூலை". காளான் நிறைந்த பள்ளத்துக்கு "காளான் கிடங்கு". ஓயாமல் மழை பெய்யும் நிலத்தடி நகரம் ஒன்று வருகிறது. மேலே ஒரு ஏரி இருப்பதால் தண்ணீர் கசிந்து மழையாகக் கொட்டுகிறதாம். அதற்கு அவன் வைத்த பெயர் "ஒழுகிற ஊர்". அவன் "நுலம்பு" என்று எழுத, அம்மம்மா பேனையை வாங்கி "ள" போட்டுவிட்டார். வகுப்பில் சிவப்பு மையால் திருத்தும்போது முகத்தைத் தூக்குகிற பிள்ளை அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அது அவனுடைய படம், பிழை இல்லாமல் இருக்க வேண்டும்.

சுவரில் பிடித்து ஏறும் நகச் சக்தி கிடைத்த அன்று படத்தை முழுக்க விரித்து, "ஏறேலாமல் விட்ட இடமெல்லாம் எங்க?" என்று மூன்று பேரும் விரலால் தேடினோம். அம்மம்மாவுக்கு எந்தப் பட்டன் எதற்கு என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால், "அந்தக் கீச்சுக் கீச்செண்டு கத்தினது இருந்த கிடங்குக்கு மேல ஒரு திட்டு இருந்தது, நீ ரெண்டு தரம் பாய்ஞ்சு விழுந்தனி" என்று சரியாகச் சொன்னார். நாங்கள் இருவரும் அதை மறந்தே போயிருந்தோம்.

எல்லாம் இனிமையாக நடந்ததாக எழுதினால் அது பொய். ஹொலோ நைட் கடினமான கேம். இறந்தால் கையில் இருந்த காசு இறந்த இடத்திலேயே நின்றுவிடும், திரும்பிப் போய் எடுக்க வேண்டும். போகும் வழியில் இன்னொரு முறை இறந்தால் அதுவும் போச்சு. டீப்நெஸ்ட் என்ற பகுதி சிலந்தியும் இருட்டுமாகப் பயங்கரமானது. படுக்கிற நேரத்துக்கு முன்னால் அதற்குள் போவதில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. பெரிய எதிரிகளோடு தோற்று மகன் கொன்ட்ரோலரை எறிந்த நாளும் உண்டு. ஆனால் இந்த வகையில் ஒரு நன்மை: ஒரு பக்கம் முடியாவிட்டால் வேறு பக்கம் போகலாம். "இப்ப ஏலாது, பிறகு வருவம்" என்று அவனே சொல்லிவிட்டு மற்றத் திசைக்குத் திரும்பும் நாட்களும் வந்தன.

தேடுபவர்களுக்கு உதவும் என்று நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஸ்டீம் கடையில் மெட்ரோய்ட்வேனியா என்ற அடையாளத்தைப் போட்டுத் தேடலாம். ஆனால் அந்த அடையாளம் வயதுச் சான்றிதழ் இல்லை. 2019இல் வந்த பிளாஸ்ஃபெமஸ் என்ற ஸ்பானிய கேமும் இதே வகைதான். மிகத் திறமான வேலை, ஆனால் இரத்தமும் சித்திரவதையுமாகப் பெரியவர்களுக்கு மட்டுமானது. அதனால் வயது மதிப்பீட்டைத் தனியாகப் பாருங்கள்.

வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். இந்த வகையில் முதல் சக்தி கிடைக்கவும் முதல் தடவை திரும்பிப் போகவும் பெரும்பாலும் அந்த நேரம் காணும். பிள்ளையோடு சேர்ந்து அதுவரை விளையாடிப் பார்த்து முடிவெடுக்கலாம். ஸ்டீம் குடும்ப வசதியில் ஆறு பேர் வரை ஒரே சேகரிப்பைப் பகிரலாம் என்பதால், ஒரே கேமை இரண்டு தரம் வாங்கவும் தேவையில்லை.

விசைப்பலகையில் விளையாடாமல் ஒரு கொன்ட்ரோலர் வாங்குங்கள். கைமாற்றிக் கொடுப்பது சுகம், ஒருவர் மாறி ஒருவர் என்பது தானாகவே நடக்கும்.

புது கேமுக்குப் புது கொம்பியூட்டர் தேவை என்ற பயம் இருந்தால், 2024இல் வந்த அனிமல் வெல்லைப் பாருங்கள். பில்லி பாசோ என்ற ஒருவர் ஏழு வருடங்கள் போல இருந்து, அதன் எஞ்சின் உட்படத் தானே எழுதியது. முழு கேமும் 40 எம்பிக்கும் குறைவு. எங்கள் போனில் இருக்கும் ஒரு கலியாண வீடியோ அதைவிடப் பெரிது. மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கும் எனக்கு இது வயிற்றெரிச்சல் தரும் விசயம். கத்தி, துவக்கு ஒன்றும் கிடையாது. சோப்புக் குமிழி ஊதி அதில் ஏறிப் பாயலாம், ஒரு தட்டை எறியலாம், குழல் ஊதலாம். எழுத்தே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. எல்லாவற்றையும் நீங்களே ஊகித்து, நீங்களே கதைக்க வேண்டும். இருட்டும் திடுக்கிடும் இடங்களும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் விளையாட வேண்டும் என்றால் குவாகமெலே. 2013இல் வந்தது. எங்கள் ரொறன்ரோவில் இருக்கும் ட்ரிங்க்பொக்ஸ் ஸ்டூடியோஸ் செய்தது. மெக்சிக்கோவின் முகமூடி மல்யுத்த வீரர் ஒருவரின் கதை. நிறக் கட்டிகளை அதே நிற அடியால் உடைக்க வேண்டும், சின்னப் பொந்துக்குள் போக கோழியாக மாற வேண்டும். கோழியைக் கண்டு அம்மம்மா சிரித்த சிரிப்பில் எங்கள் விளையாட்டே நின்றுபோனது. அடி உதை அதிகம், சில பகிடிகள் பெரியவர்களுக்கானவை. பத்து வயதுக்குப் பிறகு பொருத்தம்.

குவாகமெலே விளையாடும்போதுதான் மகன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "அம்மா, ஸ்பானிஷ் சொல்லெல்லாம் வருது. தமிழ்ல ஏன் ஒண்டும் இல்லை?"

நேரடியாகப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று காட்டினேன். அலாஸ்காவின் இன்யூப்பியாக் மக்கள் தங்கள் சமூகக் கதை ஒன்றை 2014இல் நெவர் அலோன் என்ற கேமாக வெளியிட்டார்கள். குக் இன்லெட் பழங்குடிக் கழகம் அதில் பங்காளி. கதை முழுவதையும் அவர்களுடைய மொழியிலேயே ஒருவர் சொல்லுகிறார், எழுத்து மட்டும் ஆங்கிலத்தில். சிறுமி ஒருத்தியும் வெள்ளை நரியும் பனிக்குள் போகிறார்கள், இரண்டு பேராக விளையாடலாம். நடுநடுவே அந்த மக்களே தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும் சிறிய காணொளிகள் திறக்கும். இது நேர்க்கோட்டில் போகும் கேம், திரும்பிப் போய்த் தேடும் வகை இல்லை. ஆனாலும் எங்கள் பட்டியலில் வைத்திருக்கிறோம். 2024இல் வந்த பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியா: த லொஸ்ட் க்ரவுன் கேமில் பாரசீகக் குரலைத் தெரிவுசெய்யலாம். போக முடியாத இடத்தைப் படம் பிடித்து வரைபடத்தில் குத்திவைக்கும் வசதியும் அதில் உண்டு. எங்கள் சார்ட் பேப்பருக்கு அது சரியான போட்டி. அதே ஆண்டு வந்த டேல்ஸ் ஒஃப் கென்ஸேரா: ஸாவ், தந்தையை இழந்த துயரத்தில் அபூபக்கர் சலீம் என்ற நடிகர் உருவாக்கியது. அதை சுவாஹிலிக் குரலில் விளையாடலாம். இந்த இரண்டும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மகன் சொன்னான்: "அப்ப நாங்களே ஒண்டு செய்வம்."

பெரிய கேம் செய்ய எனக்கு நேரமில்லை. ஆனால் நிட் ஸ்டோரிஸுக்கு, உலகம் கட்டும் கருவியும் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு திரையும் 25க்கு 10 கட்டங்கள். கட்டங்களில் நிலம் வைத்து, மரம் வைத்து, சக்தியையும் சாவியையும் வைத்துத் திரைகளை ஒன்றோடொன்று ஒட்டலாம். சொந்தப் படங்களையும் போடலாம். ஒன்பது வயதுப் பிள்ளையால் பழக முடியும். "என்ன இடத்தைக் கட்டுவம்?" என்று கேட்டேன். கோட்டை, செவ்வாய்க் கிரகம் என்று ஏதாவது சொல்வான் என்று பார்த்தால், "அம்மம்மாவின்ர வீடு. பொட்டு இருக்கிற வீடு" என்றான்.

அந்த வீடு தெல்லிப்பளையில் இருந்தது. 1990இல் விட்டுவிட்டு வெளிக்கிட்டார்கள். பிறகு அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. நான் அப்போது கைக்குழந்தை, எனக்கு அந்த வளவைப் பற்றி ஒரு ஞாபகமும் இல்லை. அம்மா அதைப் பற்றிக் கதைப்பதும் குறைவு. நானும் கேட்பதில்லை. எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. "உங்கட வீட்டைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று தொடங்கினால் அம்மா எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவார்.

மகனுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அவனுக்குத் தேவைப்பட்டது கட்டங்கள். "அம்மம்மா, படலையில இருந்து கிணத்தடிக்கு எத்தினை எட்டு? நடுவில என்ன மரம்? அதில ஏறலாமோ? மண் என்ன கலர்?" எல்லாம் தமிழில், பிழையும் சரியுமாக. ஆங்கிலத்தில் கேட்டால் அவருக்கு விளங்காது, பதில் வராவிட்டால் திரை வெறுமையாக இருக்கும். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். மண் சிவப்பு, நல்ல செம்மண். படலைக்குப் பக்கத்தில் பூவரசு. கிணற்றுக்குத் துலா. துலா என்றால் என்னவென்று கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். பின்வேலியில் பொட்டு. அதற்கு அந்தப் பக்கம் அவருடைய சிநேகிதியின் வீடு. அந்தச் சிநேகிதியின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

துலாவின் படத்தை மகன் தானே வரைந்தான். யூனி அதில் ஏறினால் மேலே போகலாம் என்று வைக்க ஆசைப்பட்டான், அந்தக் கருவியில் அது சுலபமில்லை. அதனால் கிணற்றுக்குள் குடையோடு இறங்குவது என்று மாற்றியிருக்கிறோம். கிணற்றுக்குள் குடையா என்று அம்மம்மா கேட்டார். கேமில் அப்படித்தான் என்றான்.

இதனால் மகன் முழுக்கத் தமிழ்ப் பிள்ளை ஆகிவிட்டான் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்தது, மனதுக்குள் இருக்கும் கவலை எல்லாம் இன்னும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கூட்டாளிகளோடு வேறு கேம் விளையாடுகிறான். அங்கே அம்மாவுக்கு இடமில்லை. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் எங்கள் கேமையும் தனியாகவே விளையாட விரும்புவான் என்று நினைக்கிறேன். ஆனால் இடத்தையும் வழியையும் பற்றிக் கதைக்க அவனிடம் இப்போது தமிழ் இருக்கிறது. அவனுக்கும் அம்மம்மாவுக்கும் இடையில் "காணும்" என்ற சொல்லுக்குப் பிறகும் கதை இருக்கிறது.

தொடங்க விரும்புபவர்களுக்கு: நிட் ஸ்டோரிஸ் காசு கேட்காது. வீட்டில் ஒரு கதிரை கூடுதலாகப் போடுங்கள். பிள்ளை தடுமாறும்போது கொன்ட்ரோலரைப் பறிக்காமல், வழியை வாயால் சொல்லுங்கள். அந்த வாய்வழிதான் இதில் முக்கியம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் திரை தெரியும் இடத்தில் அவர்களை இருத்துங்கள்.

எங்கள் தெல்லிப்பளை இன்னும் முடியவில்லை. போன கிழமை லண்டனில் இருக்கும் பெரிய மாமா வீடியோ கோலில் அதைப் பார்த்துவிட்டு, கிணறு படலைக்கு இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் என்றார். அம்மா இல்லவே இல்லை என்றார். அண்ணனும் தங்கையும் அரை மணித்தியாலம் வாதாடினார்கள். மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"சரி, ரெண்டு பக்கமும் கிணறு வைப்பம். ஒண்டில தண்ணி இருக்காது. எதெண்டு விளையாடுற ஆக்கள் இறங்கிப் பாக்கட்டும்."